அறுபதுக்குப் பிறகு பழைய எழுத்து: என் நோட்டிலிருந்து

வேலைக்காலம் முழுவதும் நான் செய்தது மெய்ப்புத் திருத்துவது. மதுரையில் அச்சகங்களுக்கும் சில பதிப்பகங்களுக்கும் பாடநூல் உரை, கோயில் மலர், சங்க இலக்கியப் பதிப்பு என்று எது வந்தாலும் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழியையும் (தமிழ் பிராமி என்றும் சொல்கிறோம்) அதற்குப் பின்னால் வந்த வட்டெழுத்தையும் படிக்கக் கற்றுக்கொண்டு வருகிறேன். இந்த வயதில் புதிதாக ஏதாவது மண்டையில் ஏறுமா என்று கேட்பவர்கள் நிறைய. அவர்களுக்காக, எது ஏறியது, எது ஏறவில்லை, எதை இறக்கி வைக்க வேண்டியிருந்தது என்று எழுதுகிறேன்.

மதுரையில் இருந்துகொண்டு இதைக் கற்காமல் இருப்பதுதான் கஷ்டம். மாங்குளம், ஆனைமலை, அழகர்மலை, கீழவளவு, விக்கிரமங்கலம், திருப்பரங்குன்றம் என்று ஊரைச் சுற்றி எந்தக் குன்றில் ஏறினாலும் எழுத்து இருக்கிறது. மேலூர் பஸ்ஸில் ஒத்தக்கடையைத் தாண்டும்போதெல்லாம் ஆனைமலையைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு வரிகூட எனக்குப் படிக்கத் தெரியாது என்பது உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆடி

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. தொல்லியல் படித்த இளைஞர் ஒருவர் நடத்துகிறார். என்னை "அம்மா" என்பார், நான் "தம்பி" என்பேன். கூடப் படிப்பவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். எழுத்து அட்டவணையை ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டார்கள். எனக்கு நிற்கவில்லை. க கூட்டல் குறி, ட அரைவட்டம், இ மூன்று புள்ளி. இவை உடனே பிடிபட்டன. ந, ண இரண்டும்தான் படுத்தின. கீழே படுத்த கோட்டின் மேல் ஒரு குச்சி நின்றால் ந. அதே குச்சியின் தலையிலும் ஒரு கோடு இருந்தால் ண. பாறை தேய்ந்த இடத்தில் அந்த மேல்கோடு இருக்கிறதா இல்லையா என்பதே பெரிய கேள்வி.

பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்வது எனக்கு இனி வேலைக்கு ஆகாது என்று தெரிந்ததும் கையால் எழுத ஆரம்பித்தேன். மளிகைச் சீட்டு, பால் கணக்கு, மருந்துக் குறிப்பு எல்லாமே தமிழியில். உப்பு, புளி, துவரம்பருப்பு என்று எழுதும்போது அடுத்த நாள் கடையில் அதைப் படித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கிறது. ஆவணி முடிவதற்குள் எழுத்துகள் கையில் நின்றன. பிள்ளைகள் ஒரு வாரத்தில் அடைந்த இடம். தாமதமானது உண்மை. ஆனால் வந்துவிட்டேன், அதன்பின் மறக்கவில்லை.

வயதான பிறகு கற்பதைப் பற்றி நடந்த ஆய்வு ஒன்று எனக்குத் தெம்பு தந்தது. மூன்று பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடிக்கப் பழகிய இளைஞர்களின் மூளையில் சாம்பல் நிறப் பகுதி சில இடங்களில் பெருகியதை ஜெர்மனியில் 2004இல் காட்டினார்கள். 2008இல் அறுபது வயதை ஒட்டியவர்களிடம் அதே சோதனையைச் செய்தார்கள். வித்தையை நன்றாகப் பிடித்துக்கொண்டவர்கள் இளைஞர்களைவிடக் குறைவு. ஆனால் பிடித்துக்கொண்டவர்களின் மூளையிலும் மாற்றம் தெரிந்தது. பயிற்சியை நிறுத்திய சில மாதங்களில் அது குறையவும் செய்தது. அதனால்தான் இன்றைக்கும் மளிகைச் சீட்டை தமிழியிலேயே எழுதுகிறேன்.

ஐப்பசி

எழுத்துகள் தெரிந்தால் மட்டும் வாசிக்க முடியாது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் கிடையாது. மாங்குளத்தில் இன்னும் சிக்கல்: அங்கே எழுத்தின் பக்கத்தில் இழுத்த சிறு கோடு சில இடத்தில் அகரம், சில இடத்தில் ஆகாரம். 'மா' போலத் தெரிவதை 'ம' என்று படிக்க வேண்டி வரும். எது என்று சொல்வது சொல்லறிவுதான்.

இங்கே நான் முந்திக்கொண்டேன். தம்பி ஒரு நாள் ஜம்பைக் கல்வெட்டின் படத்தைத் திரையில் போட்டார். திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒற்றை வரி. பிள்ளைகள் எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். 'அதியந் நெடுமாந் அஞ்சி' என்பது என் கண்ணில் மொத்தமாக விழுந்தது. புறநானூற்றில் ஔவை பாடும் அஞ்சியை நான் எத்தனை மெய்ப்பில் பார்த்திருப்பேன்! 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பளி.' சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் இடம். அசோகர் தம் சாசனத்தில் சோழர், பாண்டியரோடு சேர்த்துச் சொல்லும் சத்தியபுத்திரர் யார் என்ற பழைய கேள்விக்கு அந்த வரி பதில் சொல்லிவிட்டது. வகுப்பில் அதைச் சத்தமாகப் படித்தபோது எனக்குக் குரல் தழுதழுத்தது.

புதியதை வேகமாகப் பிடிக்கும் திறன் வயதோடு குறைகிறது, சேர்த்து வைத்த அறிவும் சொல்வளமும் வெகுகாலம் குறையாமல் நிற்கின்றன என்று உளவியலார் இரண்டையும் பிரித்துச் சொல்கிறார்கள். வயதானவர்கள் கற்க நினைக்கும்போது தங்களிடம் ஏற்கெனவே இருக்கும் சரக்கு எங்கே பயன்படுமோ அந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

மார்கழி

ஆனால் அதே சரக்குதான் அடுத்த தடையாக வந்தது. ஜம்பையில் 'பளி' என்று இருக்கிறது. என் கை தானாக ஒரு 'ள்' சேர்த்து 'பள்ளி' என்று எழுதிவிடும். மாங்குளத்தில் 'கடலஅன்', 'வழுத்திய்' என்று வரும். உபரி எழுத்துகளை அடித்துவிட மனம் துடிக்கும். கல்வெட்டு வாசிப்பில் கல்லில் உள்ளதை உள்ளபடி முதலில் எழுத வேண்டும். பொருளும் திருத்தமும் பிறகுதான். புதிய எழுத்தைக் கற்க சில வாரம் போதுமாக இருந்தது. பழைய கையை நிறுத்தி வைக்க மாதங்கள் ஆயின.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன், "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும்" என்கிறான். வேலைக்காலத்தில் 'குடுத்த' என்று பார்த்தாலே சிவப்பு மையால் 'கொடுத்த' ஆக்கியவள் நான். சக்கரவர்த்தி ஆணையிட்டு வெட்டவைத்த கல்லில் அது ஆயிரம் ஆண்டாக நிற்கிறது. அந்த வரியைத் திரும்பத் திரும்ப உள்ளபடியே எழுதிப் பழகினேன். இப்போது வீட்டுக்கு வருபவர்கள் பேசும்போது திருத்த வேண்டும் என்ற அரிப்பும் குறைந்திருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர்தான் இதை முதலில் கவனித்துச் சொன்னார்.

ஐராவதம் மகாதேவனை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. 1960களில் இந்தக் குகைக் கல்வெட்டுகளை வாசித்து வெளியிட்டவர், அறுபதைத் தாண்டிய வயதில், 1990களில், மறுபடியும் மலைகளில் ஏறி நேரில் பார்த்துத் தம் வாசிப்புகள் பலவற்றைத் தாமே மாற்றினார். அந்த உழைப்பு 2003இல் பெருநூலாக வந்தபோது எழுபதைக் கடந்திருந்தார். புதிதாகக் கற்பதைவிட, பெயர் வாங்கித் தந்த பழைய முடிவை அந்த வயதில் மாற்றுவது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பங்குனி

மலையேற்றம். முழங்காலுக்குக் கைத்தடி போதும். சிரமம் கண்ணாடியில்தான். இரட்டைக் கண்ணாடியில் கிட்டப் பார்வை கீழ்ப்பாதியில் இருக்கும். எழுத்தோ தலைக்கு மேலே குகை நெற்றியில். அண்ணாந்தால் எல்லாம் மங்கல். கைநீளத் தூரத்துக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டேன். வயதானவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள். வெயில் சாய்வாக விழும் காலையோ மாலையோ போனால் வெட்டின் ஓரத்தில் நிழல் கட்டும். நண்பகலில் பாறை வெறுமையாகத் தெரியும். வெளிச்சம் போதாத இடத்தில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். சுண்ணாம்பு, சாக்பீஸ் எதையும் கல்லில் தடவக் கூடாது.

மைப்படி எடுக்கவும் கற்றுக்கொடுத்தார்கள், பயிற்சிக்கென்று வைத்திருந்த தனிக்கல்லில். நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்து, பள்ளத்துக்குள் தாள் இறங்கியதும் மை ஒற்ற வேண்டும். பள்ளம் வெள்ளையாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் வரும். அடிக்கும் பலம் என் தோளுக்கு இல்லை. அதை இளையவர்களுக்கு விட்டுவிட்டேன்.

வைகாசி

வட்டெழுத்து. கீழக்குயில்குடி சமணமலையில் பேச்சிப்பள்ளத்துச் சிற்பங்களின் கீழே பல வரிகள் 'செய்வித்த திருமேனி' என்றே முடிகின்றன. முடிவு தெரிந்திருப்பதால் எழுத்துகளை அங்கிருந்து பின்னோக்கிப் பிடிக்கலாம்; தொடங்குபவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. 'அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி' என்பதை யார் உதவியும் இல்லாமல் படித்தேன். மகனின் பெயரால் அறியப்படும் ஒரு தாய், தன் பெயரையும் கல்லில் விட்டுப் போயிருக்கிறார்.

அடுத்தது ஆனைமலை நரசிங்கம். பாண்டியன் அமைச்சர் மாறன்காரி குடைவித்த கோயில், கி.பி. 770. வட்டெழுத்துப் பகுதி தட்டுத்தடுமாறிப் புரிகிறது. பக்கத்தில் கிரந்தத்தில் வடமொழி வரிகள் இருக்கின்றன, அவை எனக்கு இன்னும் தெரியாது. கிரந்த அட்டவணையை வாங்கி எழுத ஆரம்பித்திருக்கிறேன். முதல் வரிசையே இன்னும் கையில் நிற்கவில்லை.