மாரிக்குப் பிறகு வரும் தோள் நோவு

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து நீச்சல் பிள்ளைகளுக்குத் தோள் நோவு வருவதற்கென்று ஒரு காலம் இருக்கிறது. அது மழைக்காலம் அல்ல. மழை விட்டு, தண்ணீர் தெளிந்து, போட்டித் திகதி கையில் கிடைத்த பிறகு வரும் முதல் மூன்று வாரங்கள்தான் அது. ஐப்பசியிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவமழையும் பரீட்சைகளும் பயிற்சியைத் துண்டு துண்டாக்கிவிடும். விட்டதை அவசரமாகப் பிடிக்கப் பார்க்கும்போது தோள் மாட்டிக்கொள்கிறது. நோவென்று வரும் பிள்ளையிடம் எங்கே நோகிறது என்று கேட்பதோடு, "போன மாதம் எவ்வளவு தூரம் நீந்தினீர்?" என்றும் கேட்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்கான விடையிலேயே காரணம் இருக்கும்.

கணக்குப் போட்டால் விளங்கும். 25 மீற்றர் தடாகத்தில் ஒரு நீளத்துக்கு 20 கைவீச்சு என்று வைத்தால், 3 கிலோமீற்றருக்கு 120 நீளம், 2400 வீச்சு. ஒரு கைக்கு 1200. கிழமையில் ஐந்து நாள் என்றால் ஒரு தோளுக்கு 6000 சுற்று. இதை முழுக்கத் தாங்குவது பெரிய தசைகள் இல்லை. மார்புத் தசையும் முதுகின் அகன்ற தசையும் இழுக்கின்றன. மேற்கை எலும்பின் உருண்டையைக் குழியின் நடுவில் பிடித்து வைப்பதோ ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு சிறு தசைகள். இழுக்கும் பெரிய தசைகள் இரண்டும் கையை உட்புறமாகத் திருப்புபவை. அவை நீந்த நீந்தப் பலக்கும். வெளிப்புறம் திருப்பும் சிறு தசைகள் அந்த அளவுக்குப் பலப்பதில்லை. சிறியவை களைத்ததும் உருண்டை மேலே நகர்ந்து, மேலிருக்கும் எலும்பு விளிம்போடு தசைநாணை உரசுகிறது. கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது 60 பாகைக்கும் 120 பாகைக்கும் இடையில் சுரீரென்று பிடிக்கும் நோவு பெரும்பாலும் இதுதான்.

ஆகவே ஜிம்முக்குப் போய், மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் மட்டும் அடிக்கும் பையன் தன் தோளுக்கு நன்மை செய்யவில்லை. கண்ணாடியில் தெரியும் தசைகளில்தான் எல்லோருக்கும் ஆசை! ஒரு தள்ளும் பயிற்சிக்கு இரண்டு இழுக்கும் பயிற்சி என்பது எங்கள் கணக்கு.

முக்கியமான பயிற்சிக்கு ஜிம்மே தேவையில்லை. பழைய சைக்கிள் ரியூப் ஒன்றின் வால்வுப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை நீளமாக எடுத்து முழங்கை உயரத்தில் ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். ஜன்னலுக்குப் பக்கவாட்டாக நின்று, தூரத்தில் இருக்கும் கையால் பிடியுங்கள். முழங்கை 90 பாகையில் மடிந்திருக்க, அதற்கும் விலாவுக்கும் இடையில் சுருட்டிய துவாய் ஒன்றை வையுங்கள். முன்கையை வெளியே திருப்ப இரண்டு செக்கன், திரும்பி வர மூன்று செக்கன். 15 தரம், மூன்று சுற்று, கிழமைக்கு மூன்று நாள். துவாய் கீழே விழுந்தால் முழங்கை விலகிவிட்டது, வேலையைத் தோளின் வெளித்தசை எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். கடைசி மூன்று தரத்தில் உடம்பு முறுகினால் ரியூப் இறுக்கம் கூட; ஒரு அடி ஜன்னல் பக்கம் நகருங்கள். உப்பும் வெயிலும் றப்பரை வெடிக்க வைக்கும். கிழமைக்கு ஒரு முறை இழுத்து விரிசல் பாருங்கள், அறுந்து முகத்தில் அடித்தால் கண்ணுக்கு ஆபத்து.

அடுத்தது தோள்பட்டை எலும்பு. தண்டால் எடுத்து மேலே வந்த பிறகு, முழங்கையை மடக்காமல் முதுகை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளுவது. அந்தக் கடைசி இரண்டு அங்குலத்தில்தான் அந்த எலும்பை விலாவோடு ஒட்டிப் பிடிக்கும் தசை வேலை செய்கிறது. 12 தரம், இரண்டு சுற்று. முடியாதவர்கள் சுவரில் செய்யலாம். பிறகு வாங்கில் குப்புறப் படுத்து, பெருவிரல் மேலே பார்க்கக் கைகளை ஆங்கில Y எழுத்துப் போலவும் T எழுத்துப் போலவும் உயர்த்துவது. இதற்கு எடை வேண்டாம். பழகியபின் அரை லீட்டர் தண்ணீர்ப் போத்தல் போதும், அது அரைக் கிலோ. ஒன்றரை லீட்டர்ப் போத்தலில் மணல் நிரப்பித் தூக்கும் ஆர்வக்காரர்களுக்கு ஒரு சொல்: அது இரண்டு கிலோவுக்கு மேல், அந்தச் சிறு தசைகளுக்கு அது தண்டனை.

ஒரு வழக்கத்தை அடியோடு நிறுத்த வேண்டும். நீந்துவதற்கு முன் கூட்டாளி பின்னால் நின்று இரண்டு கையையும் பின்பக்கமாக இழுத்துவிடுவது. நீச்சல்காரரின் தோள் ஏற்கெனவே முன்பக்கம் இளகியது. அதை மேலும் இளக்கினால் உருண்டையைப் பிடிக்கும் வேலை சிறு தசைகளுக்கு இன்னும் கூடும். சூடேற்றக் கைச்சுழற்சியும் ரியூப்பும் இலகுவான 200 மீற்றரும் போதும்.

எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். மேற்பார்வையோடு, சரியான முறையில், பொருத்தமான எடையில் செய்தால் வளர்ச்சி தடைப்படுவதற்கு ஆதாரம் இல்லை. 12, 13 வயதில் உடல் எடையோடு ஸ்குவாட், பிளாங்க் என்று முறையைப் பழக்குவதே நல்லது. பாய்ச்சலுக்கும் திருப்பத்துக்கும் உந்துவது கால்கள்தானே.

பயிற்சி ஏட்டில் எழுதப்படாத சுமை ஒன்றும் எங்கள் கரையில் உண்டு. சனிக்கிழமை விடியற்காலை கரைவலை இழுத்துவிட்டு வரும் பையனின் முதுகும் முன்கையும் அன்றைய இழுப்பை ஏற்கெனவே முடித்துவிட்டன. அவனுக்கு அன்று எடையை இழுக்கும் ரோயிங் வேண்டாம், உள்ளங்கையில் மாட்டி நீந்தும் கைத்துடுப்பும் வேண்டாம். காலை மட்டும் அடித்து நீந்தும் பயிற்சி கொடுக்கலாம். அறுகம்பேயில் அலைச்சறுக்குப் பழகுபவர்களுக்கும் இதே கணக்குத்தான்: பலகையில் நிற்கும் நேரத்தைவிடக் குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ளும் நேரமே கூட. அவர்களுக்குத் தோளோடு கழுத்தும் இடுப்பும் பிடிக்கும். சுருட்டிய துவாயை நடு முதுகின் கீழே குறுக்காக வைத்து மல்லாந்து இரண்டு நிமிடம் கிடந்தால் மேல்முதுகு கொஞ்சம் திறக்கும். மேல்முதுகு வளைந்தால் இடுப்புக்கு வேலை குறையும்.

மாரிக்குப் பிறகு திரும்பும்போது பழைய தூரத்தின் பாதியில் தொடங்குங்கள். 3 கிலோமீற்றர் நீந்தியவர் 1.5இல் ஆரம்பித்து, கிழமைக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாமல் போனால் ஐந்தாவது கிழமையில் பழைய இடத்துக்கு வந்துவிடுவார். போட்டி மூன்றாவது கிழமை என்றால், தூரம் குறைந்த போட்டியில் பெயர் கொடுப்பதுதான் வழி. கடலில் தொடங்குபவர்களுக்குப் பாசிக்குடா வசதி: வெகுதூரம் ஆழமில்லை, நொந்தால் எழுந்து நிற்கலாம். ஆனால் கடலில் திசை பார்க்கத் தலையைத் தூக்கத் தூக்க இடுப்பு கீழே போகும், கழுத்தும் தோளும் கூட உழைக்கும். ஆகவே கரைக்குச் சமாந்தரமாக நீந்துங்கள், பக்கவாட்டில் மூச்சு எடுக்கும்போதே கரை தெரியும்.

நோவு பத்துக்கு இரண்டு மூன்று என்று இருந்து, மறுநாள் காலை கூடாமல் இருந்தால் தூரத்தைக் குறைத்துத் தொடரலாம். மிதவைப் பலகையை முன்னே நீட்டிப் பிடித்துக் காலடிக்கும் பயிற்சியை மட்டும் நோவுள்ள பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். ஓய்வு என்று நினைத்துக் கொடுப்பார்கள்; கை உயர்ந்த நிலையில் பலகை அழுத்தும்போது உரசும் இடத்திலேயே அழுத்தம் விழும். மல்லாந்து, கைகளை உடலோடு வைத்துக் காலடிக்கலாம். போட்டிக்கு முன் நோவுக் குளிசை போட்டு நீந்துவது எச்சரிக்கையை அணைப்பது மட்டுமே. எண்ணெய் தடவி மெதுவாக உருவுவதால் கேடில்லை, கையைப் பிடித்து வெட்டி இழுக்க விடாதீர்கள். இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாமல் போனாலோ, விரல்கள் விறைத்தாலோ, கை தூக்கவே வராவிட்டாலோ தாமதிக்காமல் வைத்தியசாலையில் காட்டுங்கள்.