நெய்வேலியில் தொலைந்த மைதானங்கள்

நெய்வேலியில் மைதானம் எங்கே என்று யாரைக் கேட்டாலும் பாரதி ஸ்டேடியம் பக்கம்தான் கை நீட்டுவார்கள். தப்பில்லை. பள்ளி விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓடி நான்காவதாக வந்து, பரிசில்லாமல் வீடு திரும்பிய இடம் எனக்கும் அதுதான். ஆனால் அப்பா வாலிபால் பழகிய இடம் அது இல்லை. அத்தை சின்னப் பெண்ணாக இருந்தபோது சடுகுடு நடந்த இடமும் அது இல்லை. வட்டம் வட்டமாக டவுன்ஷிப் எழும்புவதற்கு முன்னால் இந்தச் செம்மண்ணில் ஆட்டம் நடந்த இடங்கள் வேறு. கொஞ்ச காலமாக அவற்றைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மற்ற ஊர்களில் இந்த வேலை அவ்வளவு கஷ்டமில்லை. நான் இப்போது இருக்கும் கடலூரில் ஒரு பழைய மைதானம் காணாமல் போயிருந்தால், அதன் மேல் ஒரு கல்யாண மண்டபமோ அடுக்குமாடிக் குடியிருப்போ நிற்கும். அதன் வாசலில் நின்று, இங்கேதான் என்று சொல்லிவிடலாம். நெய்வேலியில் அப்படி நிற்க முடியாது, பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்காக நிலத்தையே வெட்டி எடுத்த ஊர் இது. வடலூரில் குடியேறிவிட்ட ஒரு பழைய சுரங்க இயந்திர ஆபரேட்டரிடம் கேட்டேன். அப்பாவோடு வேலை பார்த்தவர், பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன்.

“மைதானமா? அது இப்போ அந்தரத்துல இருக்கும்மா” என்று தலைக்கு மேலே கையைத் தூக்கிக் காட்டினார்.

விளையாட்டாகச் சொன்னாலும் கணக்கு சரி. 1957 மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். நடுவில் நான்கு வருஷம் எடுத்ததெல்லாம் மண். இன்றைக்கும் ஒரு டன் கரிக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் மேல்மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. பக்கெட் வீல் என்ற ராட்சதச் சக்கர இயந்திரம் வெட்டிய மண் கன்வேயரில் ஏறி, மண்ணைக் கொட்டிப் பரப்பும் ஸ்ப்ரெடர் வழியாக எங்கேயோ போய் விழும். கரி எடுத்து முடித்த பள்ளத்தைப் பின்னாலேயே நிரப்பிக்கொண்டு வருவார்கள். ஆகவே ஒரு மைதானம் முதலில் சுரங்கத்தின் ஓரமாகும், அப்புறம் பள்ளமாகும், அப்புறம் வேறு எங்கிருந்தோ வந்த மண்ணால் மூடப்படும், கடைசியில் அதன் மேல் மரக்கன்று நடுவார்கள். மைதானத்தின் சொந்த மண் மட்டும் அங்கே திரும்பி வராது. அது எந்த மண்மேட்டில், எத்தனையாவது அடுக்கில் கிடக்கிறதோ!

நீங்கள் ஆடிய இடத்தை நீங்களே வெட்டியபோது வருத்தமாக இல்லையா என்று பெரியப்பாவைக் கேட்டேன்.

“வருத்தப்பட எங்கம்மா நேரம்? பக்கெட் பல்லு தேஞ்சு போவுதுன்னு போர்மேன் கத்திக்கிட்டு இருந்தார்.”

அதுவும் உண்மைதான். ஜெர்மனியிலிருந்து வந்த அந்த இயந்திரங்கள் கடலூர் மணற்கல்லிடம் நன்றாக மாட்டிக்கொண்டன. மண் என்று நினைத்து இறங்கினால் உள்ளே அரம் போலத் தேய்க்கிற பாறை. வெடி வைத்துத் தளர்த்தித்தான் வெட்ட முடிந்தது.

சரி, தேடிய விதத்துக்கு வருகிறேன். முதலில் சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய நிலவரைபடம். மைதானம் எதுவும் அதில் குறித்திருக்க மாட்டார்கள். ஏரி, கிணறு, கோயில், வண்டிப்பாதை, பனைமரம் இவைதான் இருக்கும். இந்த வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்த, அன்றும் இன்றும் நகராத புள்ளிகள் வேண்டும். ஊரையே பெயர்த்து எடுத்த இடத்தில் நகராத புள்ளிக்கு எங்கே போவது? எனக்குக் கை கொடுத்தவை இரண்டு. ஒன்று, டவுன்ஷிப்புக்குள்ளேயே இருக்கும் வில்லுடையான்பட்டு முருகன் கோயில். இன்னொன்று, 1872இல் வள்ளலார் வடலூரில் திறந்த சத்திய ஞான சபை. அந்த எண்கோணக் கட்டடம் மேலிருந்து பார்த்தாலும் பளிச்சென்று தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்து எங்களைத் தைப்பூசத்துக்கு வரிசையாக அழைத்துப் போன சபை ஒருநாள் இதற்கும் பயன்படும் என்று யாருக்குத் தெரியும்.

அடுத்து கொரோனா படங்கள். நோய்க்கு ரொம்ப முன்னாலேயே வைத்த பெயர் இது. 1960 முதல் 1972 வரை அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த இந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களை 1995இல் பொதுவில் விட்டார்கள். இப்போது இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். நல்ல படத்தில்கூட இரண்டு மீட்டருக்குக் குறைவான பொருள் தெரியாது. வாலிபால் கோர்ட் பதினெட்டுக்கு ஒன்பது மீட்டர். படத்தில் அது ஒரு வெள்ளைப் பொட்டு, அவ்வளவுதான். கால்பந்து மைதானமாக இருந்தால் அகலமான வெளுப்பாகத் தெரியும். ஆனால் முந்திரித் தோப்புக்கு நடுவே வெளுத்துக் கிடப்பதெல்லாம் மைதானம் ஆகிவிடாதே. நெல்லடிக்கும் களமாக இருக்கலாம், செங்கல் சூளையாக இருக்கலாம். நான் பார்ப்பது பாதையை. களத்துக்கு வண்டித்தடம் நேராக உள்ளே போகும். ஆட்டம் நடக்கிற இடத்தை ஒற்றையடிப் பாதை ஓரமாகச் சுற்றிக்கொண்டு போகும், பந்து மேலே பட்டுவிடும் என்று ஒதுங்கி நடந்தவர்கள் போட்ட பாதை அது.

இதையெல்லாம் விட எனக்கு அதிகம் உதவியது அ பதிவேடுதான். புல எண் வாரியாக நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு என்று எழுதியிருக்கும் கிராமக் கணக்கு. கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980இல் அரசு ஒழித்தபோது பல வீடுகளில் பழைய நகல்கள் பரணிலேயே தங்கிவிட்டன. அப்படி ஒரு வீட்டில் பார்க்கக் கிடைத்தது. மந்தைவெளி என்று எழுதியிருந்த புல எண்ணைப் பார்த்ததும் பாதி விஷயம் புரிந்துவிட்டது. மாடுகள் காலையில் கூடி மேய்ச்சலுக்குப் போய்விட்டால் பகல் முழுக்க அந்த இடம் காலி. சடுகுடுவும் கிட்டிப்புள்ளும் வேறு எங்கே நடக்கும்?

ஆனால் பதிவேடு சொல்வது ஊர்த்தெருப் பையன்களின் இடத்தை மட்டும்தான். தலித் காலனிப் பையன்கள் மந்தைவெளிக்கு வரக்கூடாது. அவர்கள் ஆடியது ஏரி உள்வாயில், தண்ணீர் வற்றிய மாதங்களில். பதிவேட்டில் ‘ஏரி’ என்றுதான் எழுதியிருக்கும். எந்தக் கணக்கிலும் ஏறாத மைதானம் அது. என்னைக் கேட்டால் ஆட்டக்காரர்கள் அங்கேதான் அதிகம் இருந்தார்கள். பின்னால் சுரங்க வேலைக்கு வந்தபோது இரண்டு பக்கத்துப் பையன்களும் ஒரே வலையின் கீழ் நிற்க வேண்டி வந்தது. அது சும்மா நடந்துவிடவில்லை என்று அப்பா ஒருமுறை சொல்லிவிட்டு, மேலே பேசாமல் எழுந்து போய்விட்டார். அப்பா இப்போது இல்லை, கேட்க முடியாது.

ஆண்களிடம் கேட்டால் ஆட்டத்தைச் சொல்வார்கள், இடத்தைச் சொல்லமாட்டார்கள். யார் யாரை அமுக்கினார்கள், எந்தக் குழு தோற்றுவிட்டுச் சண்டைக்கு வந்தது என்பதெல்லாம் நேற்று நடந்தது போல ஞாபகம் இருக்கும். அது எந்தப் பக்கம் என்றால், “அந்தப் பெரிய புளியமரத்துக்கிட்ட” என்பார்கள். அந்தப் புளியமரத்தை நம்பி என்ன செய்வது? சுரங்கம் விட்டுவைத்த மரங்களில் பாதியை 2011 டிசம்பர் கடைசியில் வந்த தானே புயல் சாய்த்துவிட்டது. முந்திரியும் பலாவும் வேரோடு விழுந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அத்தையைக் கேட்டபோதுதான் திசை கிடைத்தது. அவர் மைதானத்துக்குள் கால் வைத்ததே இல்லை. பெண்பிள்ளைகள் போனால் கால் உடைந்துவிடும் என்று வீட்டில் மிரட்டி வைத்திருந்தார்கள். ஆனால் தினமும் அந்த வழியாகத் தண்ணீர்க் குடம் தூக்கியிருக்கிறார். இந்தப் பக்கத்து மண்ணுக்கு அடியில் நீர் அழுத்தத்தோடு இருக்கிறது. துளை போட்டால் சில இடங்களில் தானாகவே மேலே பொங்கி வரும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் துளை போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்ததில்தான் இந்த ஊரின் கதையே ஆரம்பம். அத்தை சொன்னதும் அப்படி ஒரு பொங்கும் கிணற்றைத்தான்.

“ஊத்துக்குழாய்லேர்ந்து குடத்தை இடுப்புல வெச்சா, கோயில் வர்ற வரைக்கும் வலது பக்கம் பசங்க சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்டி. இடது பக்கம் முந்திரி.”

கிணறும் கோயிலும் வரைபடத்தில் இருந்தன. வலது பக்கம் மந்தைவெளிப் புல எண். கொரோனா படத்தில் அதே இடத்தில் ஒரு வெளுப்பு, ஓரமாக வளைந்து போகும் பாதை. குடம் தூக்கிய ஞாபகத்தை இனிமேல் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

வாலிபால் கோர்ட்டுகள் இதற்கு அடுத்த கட்டம். தொழிலாளர்கள் தற்காலிகக் கொட்டகைகளில் தங்கியிருந்த காலத்தில் அவை முளைத்தன. இரண்டு சவுக்குக் கம்பம் நட்டால் போதும். கடலூர் மாவட்டத்தில் சவுக்குக்கா பஞ்சம்! கோடு போடச் சுண்ணாம்பு இல்லாத நாளில் தெர்மலிலிருந்து சாம்பல் வந்தது. முதல் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கிய 1962க்குப் பிறகு சாம்பலுக்கும் குறைவில்லை. அதைக் கட்டித் தந்தது சோவியத் நாடு என்பதால் ரஷ்யப் பொறியாளர்கள் சிலர் சாயங்காலம் ஆட வருவார்கள் என்று அப்பா சொல்வார். சர்வீஸ் போடுவதற்கு முன்னால் பந்தை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்து ஒரு நொடி நிறுத்துவார்களாம். அப்பாவும் கடைசிவரை அப்படித்தான் சர்வீஸ் போட்டார். பக்கத்திலேயே பூப்பந்துக்கு ஒரு கோர்ட். காற்று அடித்தால் மஞ்சள் கம்பளிப் பந்து போகிற திசை தெரியாது என்பதால் கொட்டகையின் மறைவில் அமைத்திருந்தார்கள். இந்தக் கோர்ட்டுகள் எதற்கும் புல எண் கிடையாது. கொட்டகை நகர்ந்தால் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு கோர்ட்டும் நகர்ந்துவிடும். வரைபடத்தில் புள்ளி வைக்கும் ஆசையை இங்கே நான் விட்டுவிட்டேன், வருஷத்தைக் கண்டுபிடித்தால் போதும்.

அதற்குப் பழைய குழுப் படங்கள்தான் வழி. பனியன் போட்டுக் கை கட்டி நிற்பவர்களை விட்டுவிட்டுப் பின்னணியைப் பார்க்கிறேன். அந்த அனல்மின் நிலையம் ஒரே நாளில் எழும்பவில்லை. ஆறு 50 மெகாவாட், மூன்று 100 மெகாவாட் என்று 1970 வரை யூனிட் யூனிட்டாக வளர்ந்து 600 மெகாவாட் ஆனது. 2020இல் மூடப்பட்டது. ஒரு படத்தில் எத்தனை புகைபோக்கி நிற்கிறது, எது பாதி உயரத்தில் சாரத்தோடு இருக்கிறது என்று பார்த்தால் வருஷத்தை நெருங்கிவிடலாம். புகைபோக்கி இடது பக்கமா வலது பக்கமா என்பது கோர்ட் இருந்த திசையையும் சொல்லிவிடும்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருக்கலாம். அப்பாவோ தாத்தாவோ கப்போடு நிற்கும் படம். ஸ்டூடியோக்காரர் ஓரத்தை வெட்டிச் சட்டம் போட்டிருந்தால் அதைக் கழற்றி முழுப் படத்தையும் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். எனக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கும்.