சுருட்டிய கைலியும் மர நாற்காலியும்

நான் குடியாத்தத்தில் அங்கன்வாடிப் பணியாளர். பிள்ளைகளோடு தரையில் உட்காருவதும் எழுவதுமாகவே இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. போன வருஷம் ஆடி மாதம் ஒரு நாள், பாட்டு சொல்லிக்கொடுத்து முடித்து எழப் பார்க்கிறேன், முடியவில்லை. இரண்டு முட்டியும் பூட்டுப் போட்ட மாதிரி இருந்தது. உதவியாளர்தான் வந்து தூக்கிவிட்டாள். நாலு வயதுப் பிள்ளை ஒன்று ஓடிவந்து என் புடவையைப் பிடித்து இழுத்தது, அதுவும் தூக்குகிறதாம். அன்று ராத்திரி அழுதேன்.

எக்ஸ்ரேயில் இரண்டு முட்டியிலும் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்புகளுக்கு நடுவில் இடைவெளி குறைந்திருந்தது. வலது பக்கம் அதிகம். முதலில் பார்த்த இடத்தில் இரண்டு நிமிஷம்கூட முழுசாகப் பேசவில்லை. "வயசாச்சும்மா, நடையைக் கொறைச்சிக்கோ" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதை அப்படியே நம்பி, லீவு போட்டு, இரண்டு மாதம் கட்டிலோடு கிடந்தேன். வலி போகவில்லை. எடை மூன்று கிலோ ஏறியது. கடைசியில் கழிப்பறைக்குப் போவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

என் மாமியாருக்கு ஸ்ட்ரோக் வந்து இடது கை, கால் விழுந்திருந்தது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவருக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபிப் பெண் வீட்டுக்கு வருவாள். இந்தப் பக்கத்துப் பெண்தான். புரட்டாசியில் ஒரு நாள் நான் காபி கொண்டுவருவதைப் பார்த்தவள், "இன்னாக்கா, செவுத்தப் புடிச்சிகினு நடக்கறீங்க? மொதல்ல நீங்க காலைக் காட்டுங்க" என்றாள்.

அவள் முட்டியைவிடத் தொடையைத்தான் ரொம்ப நேரம் தொட்டுப் பார்த்தாள். வலது தொடையின் முன்பக்கச் சதை இடதைவிட வற்றியிருந்தது. "முட்டியைத் தாங்கறது தொடைக்கா. இது வத்திப்போனா பாரம் பூரா மூட்டு மேலதான் விழும். படுத்தே கெடந்தா இன்னும் வத்தும்" என்றாள். இரண்டு மாதம் நான் என் காலுக்குச் செய்தது என்னவென்று அப்போதுதான் புரிந்தது.

என் வீட்டுக்காரர் தறிக்காரர். வீட்டில் கைலிக்குப் பஞ்சமில்லை. இரண்டு கைலியைச் சேர்த்துச் சுருட்டி, காலை நீட்டிப் படுக்கவைத்து, முட்டிக்கு அடியில் வைத்தாள். "இந்தக் கைலியைக் கீழே அழுத்துங்க. அஞ்சு எண்ணுங்க. விடுங்க." அவ்வளவுதான். கால் நகரவே இல்லை. இதெல்லாம் ஒரு உடற்பயிற்சியா என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் ஆறாவது தடவைக்குள் தொடைச் சதை வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது. அஞ்சு வரைக்கும் வாய்விட்டு எண்ணச் சொன்னதற்கும் காரணம் உண்டு. மனசுக்குள் எண்ணினால் நம்மை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வோம், அது பிரஷர் உள்ளவர்களுக்கு ஆகாது. ஒரு காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும்.

இன்னொன்று நாற்காலியில். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம் என்றாள், டைல்ஸ் தரையில் வழுக்கும். மாமனார் காலத்து மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டோம். நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை மெதுவாக நீட்டி, பாதத்தை நம் பக்கம் வளைத்து, அஞ்சு எண்ணி, மெதுவாக இறக்க வேண்டும். தொப்பென்று போடக் கூடாது. இறக்கும்போதும் சதை வேலை செய்கிறது. அப்புறம், உட்கார்ந்த இடத்திலேயே நடப்பது மாதிரி முட்டியை மாற்றி மாற்றித் தூக்குவது, குதிகாலையும் முன்பாதத்தையும் ஏற்றி இறக்குவது.

அஞ்சாவது நாள் அவசரப்பட்டேன். வலி கொஞ்சம் குறைந்திருந்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் ஐம்பது ஐம்பது தடவை செய்துவிட்டேன். ராத்திரி வலது முட்டி பன் மாதிரி வீங்கியது. நாலு நாள் கட்டில். பயிற்சியே வேண்டாம் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அடுத்த முறை வந்தவள் திட்டவில்லை. ஒரு கணக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தாள். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. முடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார். வலி முன்னைவிட அதிகமாக இருந்தால் நாளைக்கு எண்ணிக்கையைக் குறை, இல்லையென்றால் அதே அளவு. முட்டி சூடாகச் சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ பயிற்சியை விட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரி. என்னை மறுபடியும் அந்த நாற்காலியில் உட்காரவைத்தது இந்த இரண்டு மணி நேரக் கணக்குதான். வலியைப் பார்த்து ஓடாமல் அதை அளக்கக் கற்றுக்கொண்டேன்.

தை மாதம் உட்கார்ந்து எழும் பயிற்சி. முதலில் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கி, கையை ஊன்றி எழுந்தேன். பிறகு ஒரு தலையணை. பங்குனியில் தலையணையே இல்லை. படிக்கட்டுக்கும் ஒரு வழி உண்டு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கோலை வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். நான் அதுவரை மாற்றித்தான் பிடித்திருந்தேன். ராத்திரிச் சோற்றைக் குறைத்து நாலு கிலோ இறக்கினேன். ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது எடுத்துவைக்கிற ஒவ்வோர் அடிக்கும் முட்டிக்கு நாலு கிலோ பாரம் குறையுமாம்.

அத்தையும் எனக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். வலது கை விரல்களை இடது கை விரல்களுக்குள் கோத்து, நல்ல கையால் முடியாத கையைத் தூக்க வேண்டும். மற்றவர்கள் அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும். ஒரு நாள் அத்தை, "இந்தக் கையை வச்சிகினு இனிமே இன்னாத்தைப் பண்றது" என்று அழுதார். அந்தப் பெண், வேலூர் சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ் கதையைச் சொன்னாள். 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே விழுந்துபோனவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். வேலூர் பாகாயத்தில் 1966-இல் திறந்த மறுவாழ்வு மையம் அவர் உழைப்பில் வந்தது. அத்தை பதில் பேசவில்லை. கையை மட்டும் மறுபடி கோத்துக்கொண்டார்.

கத்திரி வெயிலில் விடிகாலை அஞ்சரைக்கே முடித்துவிடுவோம். ஆறு மணிக்கு மேல் வேலூர் மாவட்டத்து வெயிலில் உட்கார்ந்து செய்தாலும் தலை சுற்றும்.

இப்போதும் என்னால் தரையில் சம்மணம் போட முடியாது. மையத்தில் முக்காலியில் உட்கார்ந்துதான் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். முட்டி தேய்ந்தது தேய்ந்ததுதான், அது வளராது. ஆனால் டவுன் பஸ் முதல் படியைக் கம்பியைப் பிடித்து நானே ஏறுகிறேன்.

வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசு, அம்மன் தலையை ஊர்வலமாகக் கொண்டுவரும் எங்கள் ஊர்த் திருவிழா. முந்தின வருஷமே ரொம்ப நேரம் நிற்க முடியாமல் பாதியில் உள்ளே வந்துவிட்டேன். இந்த வருஷம் தரணம்பேட்டையில் எங்கள் வாசலில் இருபது நிமிஷம் நின்றேன். பக்கத்தில் மர நாற்காலியில் அத்தை. தேங்காய்கள் சிதறி உடைகிற சத்தத்துக்கு நடுவே சிரசு தெருவில் திரும்பியது. நான் குனிந்து பார்த்தேன். அத்தை இரண்டு கை விரல்களையும் கோத்துக்கொண்டிருந்தார். வலது கை இடது கையைத் தூக்க, கோத்த கைகள் மார்புக்கு வந்து, மோவாயைத் தாண்டி, நெற்றிக்கு ஏறின.