கச்சா பில்

ஆகஸ்ட் 9, 2025, சனி

மும்பை லாமிங்டன் ரோடு, கணினிக் கடைத் தெரு. கடைப் பையன்கள் மணிக்கட்டில் எல்லாம் ராக்கி. செகண்ட்ஹேண்ட் லேப்டாப் ஒன்று: திங்க்பேட் டி480, எட்டாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி. 19,500 சொன்னார்கள், 18,000-த்துக்குப் படிந்தது. மூடியின் நடுவில் செவ்வகமாகப் பசைத் தடம், எந்தக் கம்பெனியோ சொத்து எண் ஒட்டி உரித்த இடம். நகத்தால் சுரண்டினால் அழுக்கு உருண்டு உருண்டு வருகிறது. விண்டோஸ், ஆபீஸ் எல்லாம் போட்டே தருகிறோம், லைஃப்டைம், டென்ஷனே வேண்டாம் என்றார் முதலாளி. பில் கேட்டால் வெள்ளைத் தாளில் கடை பெயரில்லாத ஒரு கச்சா பில். பக்கா பில் என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம் கூடுமாம். பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்பாவின் ரிப்போர்ட் திங்கள்கிழமை.

ஆகஸ்ட் 10

விசைகள் அருமை. தமிழ்99 விசை வரிசையை விரல்கள் மறக்கவே இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

ரிப்போர்ட் வரவில்லை. வியாழன் என்கிறார்கள்.

எனக்கு வேலை தரும் மொழிபெயர்ப்பு ஏஜென்சியிலிருந்து படிவம் வந்திருக்கிறது. நோயாளிகளின் ஒப்புதல் படிவங்களை மொழிபெயர்க்கிறவர்கள் எல்லோரும் நிரப்ப வேண்டுமாம். ரகசியம் காப்பேன், மூன்றாம் ஆளிடம் காட்ட மாட்டேன், எல்லாம் சரி. ஒன்பதாவது வரி: என் கணினியில் உள்ள மென்பொருள்கள் அனைத்தும் முறையான உரிமம் பெற்றவை. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. 29-ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும்.

ஆகஸ்ட் 12

தம்பியிடம் பேச்சுவாக்கில் லைஃப்டைம் என்று சொன்னதுதான். "அக்கா, அதை எனக்குக் காட்டு" என்று உட்கார வைத்துவிட்டான். கறுப்புத் திரையைத் திறந்து எஸ்எல்எம்ஜிஆர், ஒரு சாய்கோடு, எக்ஸ்பிஆர் என்று அடிக்கச் சொன்னான். சின்னப் பெட்டி ஒன்று எழும்பியது. உரிமம் பிப்ரவரி 5, 2026-ல் காலாவதி.

கம்பெனிகளும் கல்லூரிகளும் மொத்தமாக வாங்கும் உரிமமாம் இது. அவர்களுடைய சர்வரிடம் ஒவ்வொரு கணினியும் போய்க் கேட்கும், அது சரி என்றால் 180 நாள் ஓடும். ஏழு நாளுக்கு ஒரு தடவை மறுபடி கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். அந்த நிறுவனத்துக் கணினிகளுக்குத்தான் அது. விற்றால் கூடவே வராது. அப்படியானால் செம்பூரில் இருக்கும் என் கணினி யாரைக் கேட்கிறது? இன்னொரு கட்டளையில் சர்வர் பெயரும் வந்தது. மைக்ரோசாஃப்டும் இல்லை, எந்தக் கம்பெனியின் பெயர் போலவும் இல்லை. தம்பி அந்தப் பெயரை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிவிட்டு, "ம்" என்றான்.

ஆகஸ்ட் 13

பிப்ரவரி 5. காலண்டரில் பார்த்தேன். வியாழக்கிழமை.

ஆகஸ்ட் 14

ரிப்போர்ட் வந்தது, ஆனால் வரவில்லை. அதே திசுவில் வேறு சாயம் போட்டு இன்னொரு சோதனை பண்ண வேண்டுமாம். பத்து நாள் வரை ஆகலாம். அப்பா தினத்தந்தியை மடித்து வைத்துவிட்டு, "உன் கம்ப்யூட்டர் என்னாச்சு?" என்கிறார். சொன்னேன். "டிவி வாங்கினா ரிமோட்டும் சேர்த்துத்தானம்மா தருவான்?" அவரிடம் வாதாடும் தெம்பு எனக்கில்லை. யோசித்தால் அவர் கேட்பதும் நியாயம்தான். நான் காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குள் எனக்குச் சொந்தமில்லாத ஒன்று குடியிருக்கிறது.

ஆகஸ்ட் 15

கொடியேற்றி, லட்டு வாங்கி, மூன்றாம் மாடி வக்கீல் மாமாவைக் காம்பவுண்டிலேயே பிடித்தேன். 1957 பதிப்புரிமைச் சட்டம், 1994 திருத்தத்தில் சேர்த்த 63பி. திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்று வருடம் சிறை. அபராதம் 50,000 முதல் இரண்டு லட்சம் வரை. வியாபாரத்துக்கோ லாபத்துக்கோ இல்லை என்றால், சிறை இல்லாமல் 50,000 வரை அபராதத்தோடு கோர்ட் விட்டுவிடலாம். "உன்னதோ தொழில்" என்று சிரித்தார். "எவனும் வீடு வீடா வந்து பார்க்கப் போறதில்லம்மா. ஆனா கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறது வேற கதை." மாமா அழுத்தியது 'தெரிந்தே' என்பதைத்தான். திங்கள்வரை எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். கச்சா பில் கொடுத்தவருக்கு என்றைக்குமே தெரியும், அவர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

ஆகஸ்ட் 16

தெருவில் உறியடிக்கப் போகும் கோவிந்தாக்களின் லாரி, டிஜே, ஜன்னல் அதிர்கிறது. விண்டோஸோடு வரும் வைரஸ் காவலான டிஃபெண்டரைத் திறந்து பார்த்தேன். இந்த இடத்தைச் சோதிக்காதே என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் சி டிரைவில் நான் கேள்வியே படாத ஒரு ஃபோல்டர். ஆக்டிவேட் செய்யும் அந்தத் திருட்டுக் கருவியை வைரஸ் காவல் பிடித்துவிடக் கூடாது என்று காவல்காரனையே கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். இதே கணினியில்தான் யாரோ ஒருவருடைய கீமோ அட்டவணையை நேற்று இரவு தமிழாக்கிக்கொண்டிருந்தேன். வைஃபையைப் பிடுங்கிவிட்டேன். கோபம் ஆறவில்லை.

ஆகஸ்ட் 17

கடையிலிருந்து போன், முதலாளி இல்லை. அன்று ஓரத்தில் உட்கார்ந்து ஸ்க்ரூ கழற்றிக்கொண்டிருந்த பையன். "அக்கா, நீங்க தமிழ்னு அன்னிக்கே தெரியும். நமக்கும் வள்ளியூர் பக்கம்தான், இப்ப தாராவி." கடை பெயர் வெளியே வரக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னான். கம்பெனிகள் பழசை லாட்டாக ஏலம் விடும். ஹார்ட் டிஸ்க் துடைத்து வரும். இவர்கள் ஒரே நகலை வரிசையாக எல்லாவற்றிலும் ஏற்றுவார்கள், ஒரு பெட்டிக்குப் பத்து நிமிஷம். அந்த நகலில்தான் மொத்த உரிமத்து விண்டோஸ் எண்டர்பிரைஸ், ஆபீஸ் எல்லாம்.

"மெஷினைத் திருப்பிப் பாருங்க அக்கா. அடியில என்ன ஒட்டியிருக்கு?"

விண்டோஸ் 10 ப்ரோ. சாவி எண் இல்லாத ஸ்டிக்கர். விண்டோஸ் 7 காலத்தில் இருபத்தைந்து எழுத்துச் சாவியை வெளியே அச்சடித்து ஒட்டுவார்கள், தேய்ந்தால் போச்சு. 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து சாவியை மதர்போர்டிலேயே, கணினி விழித்ததும் முதலில் ஓடும் பயாஸுக்குள் பதித்துவிடுகிறார்கள். அந்த உரிமம் பெட்டியோடு பிறந்தது, பெட்டி எங்கே போனாலும் கூடப் போகும். சொந்தச் சாவி வயிற்றுக்குள் இருக்க, மேலே திருட்டு நகலைப் போட்டு விற்றிருக்கிறார்கள்! பத்து நிமிஷ சோம்பேறித்தனம்.

சாவியை வெளியே எடுத்துப் பார்க்க ஒரு கட்டளை உண்டாம். தம்பி அனுப்பினான். வந்தது. ஐந்து ஐந்தாக, அத்தனை எழுத்தும். பக்கத்து அறையில் அப்பா தூங்குகிறார் என்பதையும் மறந்து கைதட்டினேன்.

ஆகஸ்ட் 19

மழை. ஹார்பர் லைன் ரயில் நின்றுவிட்டது. கீழ்த்தளத்தில் ஸ்கூட்டர்களின் சக்கரம் தெரியவில்லை.

வக்கீல் மாமா மகளின் லேப்டாப்பில் விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கி பென்டிரைவில் ஏற்றினேன். 10-க்கு அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிகிறது, எப்படியும் மாற வேண்டும், எட்டாம் தலைமுறை என்பதால் 11 ஏறும். எல்லாவற்றையும் அழித்துச் சுத்தமாக நிறுவினேன். சாவி கேட்கவே இல்லை, தானாக ப்ரோ என்று எடுத்துக்கொண்டது. நாடு எது, விசைப்பலகை எது, வைஃபை எது.

வைஃபை கொடுத்ததும் ஒரு நிமிஷம் சுற்றியது. அப்புறம் ஒரு கம்பெனியின் சின்னம். எங்கள் நிறுவனத்துக்கு நல்வரவு, உங்கள் அலுவலக மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கொடுங்கள்.

ஆகஸ்ட் 20

போனில் தட்டுகிறேன்.

ஆட்டோபைலட் என்று பெயராம். கம்பெனி வாங்கும்போதே அந்த வன்பொருளின் அடையாளத்தை மைக்ரோசாஃப்டிடம் பதிந்து வைக்கிறது. டிஸ்க்கைத் துடைத்தாலும் மாற்றினாலும், புதிதாக நிறுவி இணையம் கொடுத்தால் பதிந்த கம்பெனியைத் தேடும். விற்றபிறகு பதிவை நீக்க வேண்டியது அந்தக் கம்பெனி. நீக்கவில்லை. கடை நகலில் அந்த முதல் திரைகளே வராது, அதனால் யாருக்கும் தெரியவில்லை. இணையம் இல்லாமல் நிறுவித் தாண்டிவிடலாம் அக்கா என்கிறான் தம்பி. தாண்டலாம். அடுத்த தடவை ரீசெட் செய்தால் அதே நல்வரவு. அதைவிட, இது ஏலத்தில் வந்ததா, யார் பையிலிருந்தாவது காணாமல் போனதா? கையில் இருப்பது பெயரில்லாத ஒரு வெள்ளைத் தாள்.

கடை முதலாளி சொன்ன வழி: ஆறாயிரம் கொடுங்கள், மதர்போர்டையே மாற்றித் தருகிறேன். போர்டு போனால் சாவியும் போகுமே ஐயா! சொல்லிப் பார்த்தேன். பழைய படியே லைஃப்டைம் போட்டுத் தருகிறாராம்.

ஆகஸ்ட் 21

அப்பா இன்று இட்லி ஒன்றுதான். பழைய கம்பெனியின் ஐடி பிரிவுக்கு மெயில் போட்டேன். திருடியவள் எழுதுவது போலவே இருக்கிறது, எத்தனை தடவை திருத்தினாலும்.

ஆகஸ்ட் 23

பையன் வாட்ஸாப்பில் ஏல லாட்டின் பில் படம் அனுப்பினான். விலையெல்லாம் விரலால் மறைத்து. கம்பெனி பெயர் அந்தத் திரையில் பார்த்த அதே பெயர். பெரிய நிம்மதி. ஆனால் தனித்தனி சீரியல் எண் எதுவும் அதில் இல்லை.

ஆகஸ்ட் 25

மொழிபெயர்ப்பு மென்பொருள் நான் காசு கொடுத்து வாங்கியது, பக்கா பில்லோடு. பழைய கணினியில் டீஆக்டிவேட் செய்தால்தான் புதியதில் ஏறும். பழையதுக்கோ ஜூனிலேயே உயிர் போய்விட்டது. ஆதரவுப் பிரிவில் கேட்டேன், அரை மணியில் விடுவித்துவிட்டார்கள். நியாயமாக வாங்கியவளுக்கு அரை மணி. ஆபீஸுக்குப் பதில் இலவசமான லிப்ரே ஆபீஸ் என்று முடிவு. அட்டவணைகள் கொஞ்சம் நகர்ந்து போகும், போகட்டும்.

சாயம் போட்ட ரிப்போர்ட் பற்றிக் கேட்டால், பெரிய டாக்டர் பார்க்க வேண்டுமாம்.

ஆகஸ்ட் 27

சதுர்த்தி. கொழுக்கட்டைக்கு மாவு சரியாக வரவில்லை, விரிந்துபோனது. அப்பா மூன்று சாப்பிட்டார்! கம்பெனிக்கு லீவு. எல்லோருக்கும் லீவு.

ஆகஸ்ட் 28

பதில் வந்துவிட்டது. மரியாதையான பதில். சீரியல் எண் அனுப்புங்கள், விற்ற பட்டியலில் இருந்தால் பதிவை நீக்குகிறோம், நீங்கள் வாங்கிய ரசீதும் வேண்டும். கச்சா பில்லைப் படமெடுத்து, லாட் பில்லையும் சேர்த்தேன். நாளை 29. ஏஜென்சியிடம் இரண்டு நாள் கேட்டேன், தரவில்லை, ஒன்பதாவது வரியை மட்டும் அடித்துவிட்டு அனுப்பலாமா என்றால் அதற்கும் பதில் இல்லை.

அடியில் சீரியல் எண் பாதி தேய்ந்திருக்கிறது. பயாஸில் போய்ப் பார்த்து எழுதினேன். நான்காவது எழுத்து பூஜ்யமா, ஓ-வா என்று புரியவில்லை. இரண்டையும் எழுதி அனுப்பிவிட்டேன்.