கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் கழியும் காலைகள்

வார நாட்களில் காலை 6.20க்கு எங்கள் ஒழுங்கையின் படிகளில் மகனையும் கூட்டிக்கொண்டு இறங்கி, பிரதான வீதிக்கு வந்துவிடுகிறேன். நாங்கள் குடியிருப்பது கட்டுகஸ்தோட்டையில், மகாவலி ஆற்றுக்கு மாத்தளைப் பக்கமாக. கண்டி நகர் இங்கிருந்து ஏறக்குறைய 5 கிலோமீற்றர்தான். மகனின் பாடசாலை 7.30க்குத் தொடங்குகிறது. நான் கணக்கு எழுதும் மொத்த வியாபாரக் கடை 8.30க்குத் திறக்கிறது. இந்த 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒதுக்கி வைத்துக்கொண்டு வீட்டை விட்டு இறங்குகிறவர்கள் நாங்கள் மட்டும் அல்லர். தரிப்பிடத்தில் தினமும் பார்க்கும் முகங்கள் எல்லாம் அப்படி இறங்கி வந்தவைதான். நிதானமாக நடந்தாலும் ஒரு மணித்தியாலத்தில் சேர்ந்துவிடக்கூடிய தூரத்துக்கு, டிக்கெட் வாங்கிக்கொண்டு, நெருக்கியடித்துக்கொண்டு, அதே நேரத்தைச் செலவழிக்கிறோம்.

எங்கள் சந்தியை அறியாதவர்களுக்கு அதன் அமைப்பைச் சொல்ல வேண்டும். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை நீளும் ஏ9 வீதியிலிருந்து, குருநாகல் வழியாகப் புத்தளம் போகும் ஏ10 வீதி பிரிவது கட்டுகஸ்தோட்டையில்தான். மடவளை, வத்தேகம பக்கத்து ஊர்களின் போக்குவரத்தும் இங்கேதான் வந்து சேர்கிறது. தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி வரும் லொறிகள், அக்குறணையிலிருந்து கடை திறக்கப் போகிறவர்கள், பாடசாலை வேன்கள், கண்டித் தேசிய வைத்தியசாலைக்குக் கிளினிக் அட்டையோடு புறப்பட்ட நோயாளிகள், முச்சக்கர வண்டிகள் என்று எல்லாரும் காலை 6.30க்கும் 7.30க்கும் இடைப்பட்ட ஒரே மணித்தியாலத்தில் பாலத்தின் வாயில் வந்து கூடுகிறார்கள். பிங்கா ஓயா பெருகி அக்குறணையில் ஏ9 வீதி வெள்ளத்தில் மூழ்கும் நாட்களில் அந்தக் குழப்பமும் சேர்ந்து எங்கள் சந்தியில்தான் வந்து விடிகிறது.

நெரிசல் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். என்னால் ஏற்றுக்கொள்ள முடியாதது அந்த நெரிசலுக்குள்ளே பஸ்கள் நடந்துகொள்ளும் விதம். தரிப்பிடம் சந்தியின் வாயிலேயே இருக்கிறது. அங்கே வந்து நிற்கும் பஸ், இருக்கைகள் நிறைந்து, நடைபாதையும் நிறைந்து, மிதிபலகையில் இரண்டு பேர் தொங்கும்வரை நகர்வதில்லை. பின்னால் இடது பக்கம் திரும்ப வேண்டிய வாகனங்கள் ஹோர்ன் அடித்தபடி நிற்கின்றன. ஐந்து நிமிடம், எட்டு நிமிடம் என்று இப்படி நின்ற அதே பஸ், பின்னால் இன்னொரு பஸ்ஸின் முகப்பு தெரிந்த கணத்தில் பாய்ந்து புறப்படுகிறது. அதன் பிறகு அடுத்த தரிப்பிடத்தில் கை காட்டி நிற்கும் முதியவருக்காக அது நிற்காது. நிறுத்தினால் பின்னால் வருகிறவன் முந்திவிடுவான். நிற்க வேண்டிய இடத்தில் ஓட்டமும் ஓட வேண்டிய இடத்தில் நிறுத்தமுமாக, எங்கள் காலைகள் தலைகீழாகவே நடக்கின்றன.

கடந்த மழைக்காலத்தில் ஒரு நாள், மகனை முதலில் ஏற்றிவிட்டு, ஒரு காலை மிதிபலகையிலும் மற்றக் காலைத் தரையிலும் வைத்திருந்தபோதே பஸ் நகர்ந்துவிட்டது. என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தவர், தினமும் அதே பஸ்ஸில் வரும், பெயர் கூடத் தெரியாத ஒரு பெரியவர். செருப்பு ஒன்று வீதியில் போய்விட்டது. முழங்கால் மிதிபலகையின் இரும்பு விளிம்பில் அடிபட்டுத் தோல் உரிந்து, சேலையில் இரத்தம் படிந்தது. “அம்மா, அம்மா” என்று உள்ளேயிருந்து மகன் கூப்பிட்ட குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. நடத்துனர் என்னைப் பார்த்துச் சொன்னது, “இஸ்ஸரஹாட்ட யன்ன, முன்னுக்குப் போங்க, உள்ள இடமிருக்கு” என்பதுதான். உள்ளே இடம் இருக்கவில்லை. அன்றைக்குக் கடைக்குப் பக்கத்தில் ஒரு சோடி இறப்பர்ச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அந்த நடத்துனர் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் கணக்கு எழுதுகிறவள் என்பதால், ஒரு காரியம் ஏன் இப்படி நடக்கிறது என்று பார்க்கும்போது காசு எந்தப் பக்கம் போகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். தனியார் பஸ்களில் பெரும்பாலும் சாரதிக்கும் நடத்துனருக்கும் மாதச் சம்பளம் கிடையாது. அன்றைய வசூலில் முதலாளிக்கும் டீசலுக்கும் போக எஞ்சியதில்தான் அவர்கள் பங்கு. அப்படியென்றால் ஒவ்வொரு பயணியும் அவர்களுக்கு ஒரு வருமானம், பின்னால் வரும் ஒவ்வொரு பஸ்ஸும் ஒரு நட்டம். சந்தியில் காத்து நிற்பதற்கும் பாலத்தில் போட்டி போடுவதற்கும் காரணம் இந்த ஒன்றுதான். இது புதிய கதையும் அல்ல. தனியார் கம்பனிகள் ஓட்டிய பஸ்களில் இதே போட்டி இருந்த காலம் ஒன்று உண்டு. 1958 ஜனவரி 1ஆம் திகதி அவை அரசுடைமையாக்கப்பட்டு, அன்றைய இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கீழ் வந்தன. 1970களின் இறுதியில் தனியார் பஸ்களுக்கு மீண்டும் வழி திறந்தபோது, ஓட அனுமதி கொடுத்தார்களே தவிர, அந்தப் பழைய போட்டி திரும்ப வராமல் காக்கும் ஏற்பாட்டை உறுதியாகச் செய்யவில்லை என்பதே என் எண்ணம்.

இதைப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருவர், “கண்டியின் நிலம் அப்படி, என்ன செய்ய முடியும்” என்று முடித்துவிடுகிறார். நிலம் அப்படித்தான். மூன்று பக்கமும் மகாவலி வளைந்தோட, சுற்றிலும் மலை எழுந்து நிற்கும் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது எங்கள் நகரம். பேராதனை, கட்டுகஸ்தோட்டை, தென்னகும்புர என்று விரல்விட்டு எண்ணக்கூடிய வாயில்கள்தான் உண்டு. போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் தடுத்து, 1815 வரை ஓர் இராச்சியத்தைக் காத்துத் தந்த அரண் இது. 1998 ஜனவரியில், புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டிருக்கும் தலதா மாளிகையில் குண்டு வெடித்த பின், மாளிகைக்கு முன்னால் போகும் வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. நகரின் நடுவால் போன வாகனங்கள் குளத்தைச் சுற்றத் தொடங்கின. பெரஹரா ஊர்வல நாட்களில் மாலையானதும் வீதிகள் மூடப்படுகின்றன. 2025 ஏப்ரலில், 16 ஆண்டுகளுக்குப் பிறகு புனித தந்ததாதுவைத் தரிசிக்க மக்கள் நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து, நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, நாங்கள் நடந்தே வேலைக்குப் போனோம். அதைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை. அதே ஆண்டு நவம்பரில் கடுகண்ணாவைப் பக்கம் மண் சரிந்து கொழும்பு வீதி மூடப்பட்டபோதும் யாரையும் குறை சொல்ல முடியாது. அவை வேறு.

ஆனால் என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. செருப்புப் போன அந்த வாரத்திலிருந்து, பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத் தாள்களில், தரிப்பிடத்துக்கு வந்த நேரம், பஸ் வந்த நேரம், பஸ் புறப்பட்ட நேரம், கண்டியில் இறங்கிய நேரம் ஆகிய நான்கையும் எழுதி வருகிறேன். பாடசாலை விடுமுறையில், ஒரு சனிக்கிழமை, நடத்துனர் “ஹரி, யமு”, சரி, போவோம் என்று உடனே மணியடித்துவிட்ட பஸ் ஒன்று என்னை 19 நிமிடத்தில் கண்டியில் இறக்கியது. அதற்கு முந்திய மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் 58 நிமிடம். மலை அன்றைக்கும் அங்கேதான் நின்றது, ஆறும் அங்கேதான் ஓடியது. அந்த 58இல் 21 நிமிடம் பஸ் நகராமல் தரிப்பிடங்களில் நின்ற நேரம். வாகனங்களின் கூட்டத்தால் போன நேரத்துக்கு நிலத்தையும் வீதியையும் காரணம் காட்டலாம். இந்த 21 நிமிடத்துக்கு எதைக் காட்டுவது?

மகனுக்குச் சீசன் டிக்கெட் இருக்கிறது. அதைத் தனியார் பஸ்களில் காட்ட முடியாது என்பதால், சீசன் செல்லுபடியாகும் பஸ் வரும்வரை மற்றவற்றை விட்டுவிட வேண்டும், அல்லது காசு கொடுத்து ஏற வேண்டும். மாதக் கடைசியில் எது என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்தத் தவணையில் அவன் மூன்று நாள் வாயிலில் பிந்திய பிள்ளைகளின் வரிசையில் நின்றான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, வீட்டை விட்டு 6.20க்கு இறங்கியவன், “ஏன் பிந்தினாய்” என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வான்? 1880இல் திறந்த மாத்தளை ரயில் பாதையும் எங்கள் பக்கமாகத்தான் போகிறது. காலை நேரத்தில் அதில் கூடுதலாக இரண்டு ரயில் ஓடினால் எத்தனை பேர் இந்த வீதியை விட்டுப் போவார்கள் என்று, தண்டவாளத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன்.

காத்திருப்பது எல்லாருக்கும் ஒரே மாதிரியாகவும் இல்லை. சென்ற மாதம் கண்டியில், மாலையில் பஸ்ஸுக்காக நின்றபோது, கையில் எக்ஸ்ரே உறையோடு ஒரு வயோதிப அம்மா என்னிடம் வந்தார். மாத்தளைக்கு அப்பால் ஒரு தோட்டத்திலிருந்து, விடிவதற்கு முன்னே புறப்பட்டுக் கிளினிக்குக்கு வந்தவர். “பிள்ள, மாத்தள பஸ்ஸு எதும்மா? ரெண்டு பேர்ட்ட கேட்டேன், கைய கைய காட்டுறாங்க, வெளங்கல” என்றார். பஸ்களின் பெயர்ப் பலகையில் ஊரின் பெயர் சிங்களத்தில் பெரிதாகவும் ஆங்கிலத்தில் சிறிதாகவும் இருந்தது. தமிழில் இல்லை. 1987ஆம் ஆண்டில் அரசியலமைப்புக்குச் செய்த 13ஆவது திருத்தத்தில் தமிழும் அரச கரும மொழியானது. அந்த ஆண்டில் அந்த அம்மா நடுவயதுப் பெண்ணாகக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்திருப்பார். அவருக்கு முன்னால் இரண்டு மாத்தளை பஸ்கள் போயிருந்தன என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. கூட்டிப்போய் ஏற்றிவிட்டேன். முன் இருக்கையில் இருந்த ஒரு சிங்களப் பெண்பிள்ளை எழுந்து இடம் கொடுத்தாள். எக்ஸ்ரே உறை மடங்கிவிடாமல் அதை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்தது கண்ணிலேயே நிற்கிறது. எத்தனை மணிக்குத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாரோ தெரியாது.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது என்று தேடிப்போனேன். ஓர் அரை நாள் லீவு போட்டுக் கொப்பியோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் அது தங்கள் வேலை அல்ல என்று இன்னோர் அலுவலகத்தின் பெயரைச் சொன்னார். அங்கே போனபோது மூன்றாவது ஒன்றைச் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை. ஏ வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களின் அனுமதி மாகாணத்தின் கையில், மாகாணம் விட்டு மாகாணம் போவது தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் கையில். சந்தியில் வாகனங்களை ஒழுங்குபடுத்துவது பொலிஸார். நகரத்து உள்வீதிகள் மாநகர சபைக்கு. ஒரே தரிப்பிடத்தில் ஒரே காலையில் நிற்கும் எனக்கு இத்தனை வாசல்கள். இவர்கள் எல்லாரும் ஒரு நாள், காலை 6.30க்கு, ஒன்றாக அந்தச் சந்தியில் வந்து நின்று பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

நான் கேட்பது பெரிய பாலமோ சுரங்கமோ அல்ல. தரிப்பிடத்தைச் சந்தியின் வாயிலிருந்து ஒரு 30 மீற்றர் தள்ளி வைத்தால், நிற்கும் பஸ்ஸால் திரும்பும் வாகனம் மறிபடாது. ஒவ்வொரு பஸ்ஸும் புறப்பட வேண்டிய நேரத்தை மூன்று மொழியிலும் எழுதித் தொங்கவிட்டு, அந்த நேரத்துக்கு அனுப்ப ஒரு நேரக் கண்காணிப்பாளரை நிறுத்த வேண்டும். வசூலில் பங்கு என்ற முறை போய்ச் சம்பளம் என்ற முறை வர வேண்டும். கடைசியில் சொன்னது கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை முதலில் ஆதரித்தவர், நான் எதிர்பாராத ஒருவர்.

இந்த மூன்றையும் ஒரு மனுவாக எழுதினேன். சிங்களப் பிரதியை மகன் தன் அழகான கையெழுத்தில் எழுதித் தந்தான். தரிப்பிடத்தில் நிற்பவர்களிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டிருந்தபோது, என்னை “முன்னுக்குப் போங்க” என்ற அதே நடத்துனர், பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து அது என்ன என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். மூன்றாவது வரிக்கு வந்ததும் சிறிது நேரம் பேசாமல் நின்றார். “அக்கா, மாசச் சம்பளம் குடுத்தா நாங்க எதுக்கு ஓடப் போறோம்? எனக்கும் வீட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்கு” என்று சொல்லி, காதில் செருகியிருந்த பேனாவை எடுத்துக் கையொப்பம் போட்டார். பிறகு மணியடித்தார். அன்றைக்கு அந்த பஸ் நிறையாமலேயே புறப்பட்டது.

இதுவரை 47 கையொப்பங்கள் சேர்ந்திருக்கின்றன. மழை பெய்கிறது என்பதால் தாள்களை ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். என்னைக் கைபிடித்து ஏற்றிய பெரியவர் இந்த வாரம் தரிப்பிடத்துக்கு வரவில்லை. அவர் வந்ததும் அவருடையதை வாங்க வேண்டும்.