ஆடியில் கூடிய நிரலாளர்கள்: தேதி குறித்த கதை

சென்னையில் நிரலாளர்களுக்காக இரண்டு நாள் நிகழ்வு நடத்துவது என்று எங்கள் குழு முடிவெடுத்தபோது, தேதி குறிக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் முகத்தில் தெரிந்த நிம்மதிக்குக் காரணம் பிறகுதான் விளங்கியது. முதல் நாள் வழக்கமான கருத்தரங்கு. இரண்டாம் நாள் அன்கான்ஃபரன்ஸ். யார் எதைப் பற்றிப் பேசுவது என்று வந்தவர்களே அன்று காலையில் கூடி முடிவு செய்துகொள்வார்கள்.

மற்றத் தொழில்நுட்ப நிகழ்வுகளோடு மோதாமல் பார்த்துக்கொள்வது எளிது. பைத்தான் நிரல்மொழிக்கான சென்னைக் குழுவுக்கு மாதத்தின் நான்காம் சனிக்கிழமை, லினக்ஸ் பயனர் குழுவுக்கு இரண்டாம் சனிக்கிழமை, மென்பொருள் விடுதலை நாளுக்குச் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை என்று எல்லாம் ஊரறிந்த வழக்கம். தலைவலி வந்தது நிரலாளர்கள் எட்டிப் பார்க்காத நாட்காட்டிகளிலிருந்து.

முதலில் கல்லூரிகள். எங்களுக்குக் கட்டுப்படியாகும் அரங்குகள் அங்கேதான் இருக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களிலும் நவம்பர், டிசம்பரிலும் பருவத் தேர்வுகள். பிப்ரவரி வார இறுதிகளில் பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வு. டிஎன்பிஎஸ்சி, நீட் என்று வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் வளாகம் நம் கையில் இல்லை. டிஎன்பிஎஸ்சி ஆண்டுத் திட்ட அட்டவணையை வெளியிடுகிறது. அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன். கல்லூரி வேண்டாம், மண்டபம் பிடிக்கலாம் என்றால் முகூர்த்த நாள் குறுக்கே நிற்கும். தை, ஆவணி முகூர்த்தங்களில் வாடகையைக் கேட்டாலே போதும், நிகழ்வே வேண்டாம் என்று தோன்றிவிடும். அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். மார்கழியில் கல்யாணம் இல்லை, ஆனால் நகரின் நல்ல அரங்குகளில் கச்சேரி நடக்கும்.

இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சியது ஆடி. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை முகூர்த்தம் கிடையாது, மண்டபங்கள் காலி, பெருமழை இல்லை, கல்லூரிகளில் தேர்வு இல்லை. துணிக்கடைக்காரர்கள் மட்டும்தான் ஆடியின் அருமையைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். குழுவில் ஒருவர் மட்டும் மறுத்தார். "அண்ணா, அந்த ஞாயிறு எங்கள் ஊர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். நான் போகாவிட்டால் அம்மா வீட்டுக்குள் விடமாட்டார்." அவருடைய பொறுப்புகளைச் சனிக்கிழமைக்கு மாற்றினோம்.

தேதி உறுதியாவதற்கு முன்பே அதை வெளியே சொல்லிவிட்டேன். 'தற்காலிகம்' என்று குறிப்பிட்டு, தெரிந்த எல்லா ஒருங்கிணைப்பாளர்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். இதைக் குழுவில் சிலர் விரும்பவில்லை. அரங்கு கிடைக்காமல் போனால் அசிங்கம் என்றார்கள். என் எண்ணம் வேறு. ஒரே நாளைக் குறிவைக்கும் இரண்டு குழுக்களும் தேதி உறுதியாகும்வரை வாய் திறக்காமல் இருப்பதால்தான் மோதலே வருகிறது. அரங்குக்கு முன்பணம் கட்டிய பிறகு யாரும் நகரமாட்டார்கள். நான் நினைத்தபடியே, பெங்களூரில் ஒரு குழு அதே வார இறுதியைக் குறிவைத்திருந்தது. நாங்கள் அழைக்க நினைத்த பேச்சாளர்களில் இருவரை அவர்களும் அழைக்க இருந்தார்கள். அவர்கள் இன்னும் பணம் கட்டவில்லை என்பதால் ஒரு வாரம் தள்ளிக்கொண்டார்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. மதுரை, கோவைக்காரர்களுக்கு அதற்கு முன்பே தேதி தெரிந்தாக வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

எவ்வளவு பார்த்தாலும் தவிர்க்க முடியாத மோதல்களும் உண்டு. 2019இல் பைகான் இந்தியா என்ற பைத்தான் மாநாடு சென்னையில், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில், அக்டோபர் 12, 13 தேதிகளில் கூடியது. அதே மாதம் 11, 12 தேதிகளில் மாமல்லபுரத்தில் மோடியும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தார்கள். சீன அதிபர் தங்கியது பக்கத்திலிருக்கும் கிண்டியில். எந்த நாட்காட்டியைப் புரட்டி இதைக் கண்டுபிடிப்பது!

முதல் நாள் அட்டவணைக்குப் பிரீடால்க்ஸ் என்ற திறமூல மென்பொருளைப் பயன்படுத்தினோம். ஒரே பேச்சாளரை ஒரே நேரத்தில் இரண்டு அரங்குகளில் போட்டால் அதுவே எச்சரிக்கும். அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

அன்கான்ஃபரன்ஸ்தான் சுவாரசியம். ஹாரிசன் ஓவன் என்பவர் 1985இல் தொடங்கிய, வந்தவர்களே நிகழ்ச்சி நிரலை வகுக்கும் 'ஓப்பன் ஸ்பேஸ்' கூட்ட முறையும், 2005இல் அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் நடந்த முதல் 'பார்கேம்ப்' என்ற நிரலாளர் கூடுகையும் இதற்கு முன்னோடிகள். பிடிக்காத அமர்விலிருந்து எழுந்து வேறு அமர்வுக்குப் போய்விடலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது ஓவன் வகுத்த விதி. அந்த விதி இருக்கிறதே, பிறகு எதற்குத் திட்டமிட வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். ஆனால் போய்க் கேட்க விரும்பும் இரண்டு அமர்வுகளும் ஒரே நேரத்தில் நடந்தால் கால்கள் இருந்து என்ன பயன்?

காலையில் ஒவ்வொருவரும் தலைப்பை அட்டையில் எழுதி ஒட்டினார்கள். கேட்க விரும்பும் அட்டைகளில் மற்றவர்கள் புள்ளி வைக்க வேண்டும், அட்டை எழுதியவர்கள் மட்டும் புள்ளிக்குப் பதிலாகத் தங்கள் பெயரை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஒரே பெயரால் இணையும் இரண்டு அட்டைகள் ஒரே நேர வரிசையில் வரக் கூடாது. கணினி அறிவியல் படித்தவர்களுக்கு இது வரைபட நிறமிடல் (graph colouring), அதாவது கோட்டால் இணைந்த இரண்டு முனைகளுக்கு ஒரே நிறம் வராமல் பார்த்துக்கொள்ளும் கணக்கு என்று உடனே தெரியும். பொதுவாகக் கடினமான கணக்குதான், ஆனால் ஒரு சுவர் அளவுக்கு இருந்தால் காபி ஆறுவதற்குள் கையாலேயே முடித்துவிடலாம். கேட்பவர்களின் மோதல்கள் எல்லாவற்றையும் தீர்க்க நான் முயலவில்லை. ஒரு தலைப்பில் வாதம் செய்யக்கூடியவர்கள் ஒரே அறையில் இருந்தால் போதும். தொடக்கநிலையாளர்களுக்கான அமர்வுகள் மட்டும் ஒன்றோடொன்று மோதாதபடி தனியாகக் கவனித்தேன். அவர்கள் எழுந்து நடக்கத் தயங்குவார்கள்.

தமிழ்ச் சொற்பிழை திருத்தி பற்றி இரண்டு அட்டைகள் வந்தன. சேர்த்துவிடலாமா என்று கேட்டேன். "என்னுடையது சந்திப்பிழை, அவருடையது அகராதி. இரண்டும் வேறு அண்ணா" என்றார் ஒரு கல்லூரி மாணவி. சரி என்று அடுத்தடுத்த நேரத்தில், ஒரே அறையில் வைத்தேன். முதல் அமர்வுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் எழாமலே இரண்டாவதையும் கேட்டார்கள். அன்று மதிய உணவு தாமதமானதற்கு அந்த அறைதான் காரணம்.