கல்லடி வளவு: நடுவதற்கு முன்

ஓகஸ்ட் 17
வீடு கட்டும் வேலை முடிந்துவிட்டது. மட்டக்களப்புக் கல்லடியில் அம்மா சீதனமாகத் தந்த வளவு 20 பேர்ச், ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு. வீடு போக மிஞ்சியதெல்லாம் மணல். இரண்டு தென்னை, பின்னால் ஒரு கறிவேப்பிலை. கிணற்றடியில் முன்பு ஒரு தேசி (எலுமிச்சை) மரம் நின்றது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்து போனபின் அது பட்டுப்போயிற்று. அந்த இடத்தில் அம்மா வேறு எதையும் நடவில்லை. இரவு வெகுநேரம் தோட்டப் படங்கள் பார்த்தேன். முற்றம் நிறையப் புற்றரை, கடப்படியிலிருந்து வாசல்வரை இரு பக்கமும் ரோஜா. அதுதான் என் ஆசை.

ஓகஸ்ட் 19
புல் வளர்க்க நினைத்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். பத்து எண்ணுவதற்குள் உள்ளே இறங்கிவிட்டது. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் மேல்மணல் பழையபடி வெளுத்துக் கிடந்தது. விரலால் கிண்டினேன். அரைச் சாண் கீழேதான் ஈரம்.

“கிணற்றை நினைத்துக்கொண்டு மரம் வை, மகள்” என்றார் அம்மா. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் நிலம் இது. மணலில் இறங்கிய மழைநீர், எடை கூடிய உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கச்சான் என்ற வறண்ட மேல்காற்று அடிக்கும் மாதங்களில் மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே உள்ள உவர் மேலேறிவிடும். புல்லுக்காகக் கிணற்றைக் கெடுக்க எனக்கு மனமில்லை. புற்றரை வேண்டாம்.

ஓகஸ்ட் 25
அயல் வேலிகளைப் பார்ப்பதற்கென்றே நடந்தேன். ரோஜா ஒரே ஒரு வீட்டில், சாடியில் நின்றது. இலை விளிம்பெல்லாம் தீய்ந்திருந்தது. அதே வேலியில் பூவரசு, அதே உப்புக்காற்றில், எண்ணெய் பூசியது போன்ற இலையோடு நின்றது. போகன்விலாவும் நித்தியகல்யாணியும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்திருந்தன. அலரி எதையும் தாங்கும். ஆனால் அதன் இலை, பூ, காய் எல்லாமே நஞ்சு. மகனுக்கு மூன்று வயது. எங்கள் வளவுக்கு அது ஆகாது.

செப்டெம்பர் 8
அம்மாவும் நானும் ஈர்க்கால் மணலிலேயே படம் கீறினோம். கடல் பக்க வேலிக்குப் பூவரசு, அதன் மறைவில் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும். கச்சானின் வெக்கை வரும் மேற்கே, சுவரைவிட்டுத் தள்ளி ஒரு வேம்பு. குளிக்கும் தண்ணீர் ஓடும் வழியில் வாழை, அதன் நிழலில் கறிக்கு வாசனைக்குப் போடும் றம்பையும் வல்லாரையும். முருங்கை காற்றுக்கு முறியும், கூரைக்குக் கிட்ட வைக்கக் கூடாது. திண்ணையோரம் முல்லைப் பந்தல். இது அம்மாவின் விருப்பம், எனக்கும்தான்.

நடு முற்றத்தில் என்ன வைப்பது என்று நெடுநேரம் பேசினோம். கடைசியில் ஒன்றும் வைப்பதில்லை என்று முடிவாயிற்று. விளக்குமாற்றின் கோடு விழுந்த வெண்மணல் அப்படியே இருக்கட்டும். தைப்பொங்கலுக்கு அங்கேதானே பானை வைப்போம். நிலவில் பாய் போட்டு இருப்பதும் அங்கேதான். படங்களில் பார்த்த எந்தப் புற்றரையையும்விட அது எனக்கு அழகாகத் தெரிகிறது.

செப்டெம்பர் 29
குழிகள் வெட்டியாயிற்று. அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையை, குழிந்த பக்கம் மேலே பார்க்க, நெருக்கி அடுக்கினோம். இந்த மணலில் தண்ணீரைப் பிடித்து வைப்பது அதுதான். மேலே கிளிசரியா இலை, காய்ந்த மாட்டெரு, பிறகு மண். இனி மழை வரவேண்டும்.

ஒக்டோபர் 27
மூன்று நாளாக நல்ல மழை. வேம்பு, வாழை, பூவரசம் போத்துகள் எல்லாம் நட்டுவிட்டோம்.

மாலையில் அம்மா சந்தையிலிருந்து ஒரு தேசிக் கன்று வாங்கி வந்தார். என்னைக் கேட்கவில்லை. கிணற்றடியில் அதே இடத்தில் குந்தியிருந்து, மணலை ஒரு கை அள்ளி நுனிநாக்கில் வைத்துப் பார்த்தார். துப்பிவிட்டு, “உப்பில்லை” என்றார். நட்டு முடித்ததும் காற்றுக்கு மறைவாக ஒரு தென்னோலையைக் குத்திவைத்தார்.